குவேக்கர் பள்ளிகளின் பழைய மாணவர் மரபு

குவேக்கர் பள்ளிகளில் படித்தவர்கள் முதுமை வரை ஒன்றுகூடித் தம் வாழ்க்கைச் செய்திகளையும் பள்ளி நினைவுகளையும் பகிர்ந்து, அவற்றை அச்சிட்டும் காத்துவரும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றிப் பிற நாடுகளுக்குப் பரவியது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான கிறித்தவப் பிரிவினரே குவேக்கர்கள். தம்மை ‘நண்பர்கள் சங்கம்’ என்று அழைத்துக்கொண்ட இவர்கள், குருமாரும் சடங்கும் இன்றி மௌனமாக அமர்ந்து வழிபடுவதையும், போரை மறுப்பதையும், எளிய வாழ்வையும் நெறிகளாகக் கொண்டிருந்தனர்.

இவர்களுடைய பள்ளிகளுள் புகழ்பெற்றது யார்க்ஷயரின் ஆக்வொர்த் பள்ளியாகும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லமாகக் கட்டப்பட்டு 1773இல் மூடப்பட்ட பெரிய கட்டடத்தை, லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில்லின் முயற்சியால் குவேக்கர்கள் விலைக்கு வாங்கி, வசதி குறைந்த குவேக்கர் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1779இல் அங்கே உறைவிடப் பள்ளியைத் தொடங்கினர். ஆண்களும் பெண்களும் ஒரே வளாகத்தில், ஆனால் தனித்தனிப் பகுதிகளில் தங்கிப் படித்தனர். போக்குவரத்து அரிதாக இருந்த அக்காலத்தில் தொலைவிலிருந்து வந்த பிள்ளைகள் பெற்றோரைக் காணாமலே நெடுங்காலம் பள்ளியில் கழித்தமையால், உடன் படித்தவரே உடன்பிறந்தவர்போல் ஆயினர். பொருளியல் இதழான ‘எக்கனாமிஸ்ட்’டை நிறுவியவரும், 1860இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தவருமான ஜேம்ஸ் வில்சன் ஆக்வொர்த் மாணவரே, நாடாளுமன்றச் சொற்பொழிவாளர் ஜான் பிரைட்டும் அங்கே பயின்றார்.

உடன் படித்தோரின் இப்பிணைப்பு வலுப்பெற இன்னொரு காரணமும் இருந்தது. ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட்டவர்களுக்கே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1854 வரை இடமளித்தது. கேம்பிரிட்ஜும் ஏறத்தாழ அதே காலம் வரை பிற சமயப் பிரிவினருக்குப் பட்டம் வழங்கவில்லை. ஆகவே பெரும்பாலான குவேக்கர் இளைஞர்களுக்குப் பள்ளியே கல்வியின் முடிவாக இருந்தது. பிறர் தம் கல்லூரிமீது வைத்த பற்று முழுவதையும் இவர்கள் பள்ளிமீது வைத்தனர் எனலாம்.

வாழ்க்கையைப் பதிந்து வைப்பதும் குவேக்கர்களுக்குப் புதிதன்று. இறந்தவரின் வாழ்வில் வெளிப்பட்ட இறையருளைப் பற்றி அவர் சார்ந்த சபையே சான்றுரை எழுதும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. மறைந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துத் தந்த ‘ஆனுவல் மானிட்டர்’ என்னும் ஆண்டு வெளியீடு 1813 முதல் 1920 வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய மாணவர் சங்கங்கள் முறைப்படி அமைந்தபோது, அவற்றின் ஆண்டறிக்கைகள் இதே மரபைத் தொடர்ந்தன. ஆனால் அவை இறப்பை மட்டும் பதியாமல், மணம், பிள்ளைப்பேறு, வேலை, குடிபெயர்வு ஆகியவற்றையும் பதிந்தன. ஆண்டுதோறும் விடுமுறை நாள்களில் பள்ளியிலேயே நடைபெறும் கூடுகையில் விளையாட்டும் விருந்தும் உண்டு எனினும், அதன் உள்ளீடு மௌன வழிபாடுதான். அங்கே எவருக்கும் முன்கூட்டியே பேச்சு ஒதுக்கப்படுவதில்லை. உள்ளம் உந்தினால் எழுந்து பேசலாம், இன்றேல் பேசாதிருக்கலாம். எண்பது வயதைக் கடந்தவரும் அண்மையில் பள்ளியை விட்டவரும் அம்மௌனத்தில் சமமாக அமர்கின்றனர்.

இம்மரபின் மிகத் துயரமான பக்கம் நெதர்லாந்தின் ஓமன் நகரை அடுத்த ஈர்டே கோட்டையைச் சார்ந்தது. நாஜி ஆட்சியால் ஜெர்மனியில் படிக்க இயலாத பிள்ளைகளுக்காகக் குவேக்கர்கள் 1934 ஏப்ரலில் அங்கே ஒரு பள்ளியைத் திறந்தனர். அகழி சூழ்ந்த அக்கோட்டையை அதன் உரிமையாளர் பரோன் ஃபிலிப் வான் பாலண்ட் முன்னர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பணிக்கு வழங்கியிருந்தார். சென்னை அடையாற்றில் வளர்ந்த கிருஷ்ணமூர்த்தி 1929இல் ஓமன் முகாமில்தான் தம்மைத் தலைவராகக் கொண்ட ‘விண்மீன் சங்கத்தை’க் கலைத்தார், கோட்டையும் பரோனிடமே திரும்பியது. முதல் தலைமையாசிரியை கத்தரீனா பீட்டர்சன் காலத்தில் மாணவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். வேற்று நாட்டில் வாழப்போகும் பிள்ளைகளுக்கு அச்சான்றிதழே கைப்பொருளாயிற்று.

1940 மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைக் கைப்பற்றியது. 1941இல் யூதப் பிள்ளைகள் பிறரோடு சேர்ந்து படிக்கக் கூடாது என்ற ஆணை வந்ததும், அவர்கள் கோட்டை நிலத்திலேயே இருந்த தனி வீட்டுக்கு மாற்றப்பட்டனர். 1943 ஏப்ரலில் அவர்களை நாஜிகளின் வுக்ட் வதைமுகாமில் சரணடையும்படி கட்டளை பிறந்தது. சிலர் தலைமறைவாகித் தப்பினர். முகாமுக்குச் சென்ற பிள்ளைகள் பின்னர் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். பள்ளிப் பொறுப்பாளர்கள் தலைமறைவை ஊக்குவித்திருக்க வேண்டாமா என்னும் கேள்வி, உயிர் பிழைத்தவர்களிடையே பல்லாண்டுகள் தொடர்ந்தது. அப்பள்ளியில் படித்து, ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்த கிளவுஸ் விக்டர் போக் பிற்காலத்தில் லண்டனில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராகி, அந்நாள்களைப் பற்றி 1985இல் நூல் வெளியிட்டார். போருக்கு முன்பே வெளியேறி அமெரிக்காவில் வரலாற்றாசிரியரான ஹான்ஸ் ஷ்மிட், 1989இல் தன்வரலாற்றையும், 1997இல் குவேக்கர்களுக்கும் நாஜிகளுக்கும் இடையிலான உறவை ஆராயும் நூலையும் எழுதினார். பழைய மாணவரின் நினைவு இங்கே தோழமைச் செய்தியாக நில்லாமல் வரலாற்றுச் சான்றாகவே மாறியது.

இருபதாம் நூற்றாண்டில் குவேக்கர் எண்ணிக்கை குறைந்ததாலும் செலவு பெருகியதாலும் பல பள்ளிகள் மூடப்பட்டன. ராடன் 1921இலும், பென்கெத் 1934இலும், விக்டன் 1984இலும், கிரேட் அய்ட்டன் 1997இலும் முடிவுற்றன. 1702இல் லண்டன் கிளார்க்கன்வெல்லில் தோன்றி, இஸ்லிங்டனுக்கும் குராய்டனுக்கும் இடம்பெயர்ந்து, 1879இல் சாஃப்ரன் வால்டனில் நிலைகொண்ட பள்ளி 2017இல் மூடப்பட்டது. பள்ளி மூடப்பட்ட பின்னும் சில சங்கங்கள் உடனே கலைந்துவிடவில்லை. விக்டன், கிரேட் அய்ட்டன் பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடுகைகளைத் தொடர்ந்தனர். புதிய உறுப்பினர் வர வழியில்லாத இச்சங்கங்களில், பழைய ஒளிப்படங்களையும் அறிக்கைகளையும் நினைவுக் குறிப்புகளையும் பாதுகாப்பதே முதன்மைப் பணியாயிற்று.