பிரையன் கிளஃப்

பிரையன் கிளஃப் (21 மார்ச் 1935 – 20 செப்டம்பர் 2004) இங்கிலாந்துக் கால்பந்து வீரர், மேலாளர். டார்பி கவுண்ட்டி, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் ஆகிய இரு அணிகளையும் இரண்டாம் டிவிஷனிலிருந்து உயர்த்தி லீக் சாம்பியன்களாக்கியவர். ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். பிறர் பொருட்படுத்தாத ஆட்டக்காரர்களின் திறமையைக் கண்டுகொண்டு அவர்களைக் கொண்டே பெரிய அணிகளை வென்று காட்டியதால், இங்கிலாந்து கண்ட தலைசிறந்த மேலாளர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார்.

ஆட்டக்காரராக

மிடில்ஸ்பரோ நகரில் பிறந்த கிளஃப், 1955 முதல் அந்நகர அணிக்கும் 1961 முதல் சண்டர்லாந்து அணிக்கும் முன்கள வீரராக ஆடினார். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தார். அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் டிவிஷனில் அடித்தவை. 1959இல் இங்கிலாந்து தேசிய அணிக்காக இரண்டு ஆட்டங்களில் களமிறங்கினார்.

1962 டிசம்பர் 26 அன்று பெரி அணிக்கு எதிரான ஆட்டத்தில், உறைந்து இறுகிய மைதானத்தில் பந்தைத் துரத்தி ஓடியபோது எதிரணிக் கோல்காப்பாளர் மீது மோதினார். முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. 1964இல் திரும்பி வந்தும் மூன்று லீக் ஆட்டங்களுக்கு மேல் கால் ஒத்துழைக்கவில்லை.

ஹார்டில்பூல்ஸும் டார்பியும்

1965இல், 30 வயதில், நான்காம் டிவிஷனில் தத்தளித்த ஹார்டில்பூல்ஸ் யுனைடெட்டின் மேலாளரானார். மிடில்ஸ்பரோவில் உடன் ஆடிய கோல்காப்பாளர் பீட்டர் டெய்லரை உதவியாளராக அழைத்துக்கொண்டார். ஆளை எடைபோட்டுத் தேர்ந்தெடுப்பதில் டெய்லர் வல்லவர். தேர்ந்தெடுத்தவரிடம் முழுத் திறமையையும் வெளிக்கொணர்வதில் கிளஃப் வல்லவர்.

1967இல் இருவரும் டார்பிக்குச் சென்றனர். டாட்டன்ஹாமிலிருந்து வந்த மூத்த வீரர் டேவ் மெக்கேயும் இளைஞர் ராய் மெக்ஃபார்லண்டும் பின்களத்துக்கு வலுச் சேர்த்தனர். 1969இல் முதல் டிவிஷனுக்கு ஏறிய டார்பி, 1972இல் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக லீக் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை முன்னேறி யுவென்டஸிடம் தோற்றது. தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் கிளஃப் ஒளிவுமறைவின்றிக் கருத்துச் சொன்னது கிளப் தலைவர் சாம் லாங்சனுக்குப் பிடிக்கவில்லை. மோதல் முற்றி, 1973 அக்டோபரில் கிளஃபும் டெய்லரும் பதவி விலகினர்.

லீட்ஸில் 44 நாள்

பிரைட்டனில் சில மாதங்கள் பணியாற்றியபின், 1974இல் நடப்புச் சாம்பியனான லீட்ஸ் யுனைடெட்டின் பொறுப்பை ஏற்றார். அந்த அணியின் முரட்டு ஆட்டத்தை அதுவரை வெளிப்படையாகக் கண்டித்து வந்தவர் அவர்; அங்கிருந்த வீரர்கள் அவரை ஏற்கவில்லை. டெய்லரும் உடன் வரவில்லை. ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி கிடைத்த நிலையில், 44 நாளில் நீக்கப்பட்டார்.

நாட்டிங்காம் ஃபாரஸ்ட்

1975 ஜனவரியில் இரண்டாம் டிவிஷனில் 13ஆம் இடத்திலிருந்த ஃபாரஸ்டுக்கு வந்தார். அடுத்த ஆண்டு டெய்லரும் சேர்ந்துகொண்டார். 1977இல் மூன்றாமிடம் பிடித்து மேலேறிய அணி, மறு பருவத்திலேயே லிவர்பூலை ஏழு புள்ளிகள் பின்தள்ளிச் சாம்பியனானது. 1977 நவம்பர் தொடங்கித் தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் தோற்கவேயில்லை.

அந்த அணியின் உருவாக்கத்துக்கு ஜான் ராபர்ட்சன் நல்ல சான்று. கிளஃப் வந்தபோது அவர் உடல் பருத்து, கிளப்புக்கு வேண்டாதவராக இருந்தார். கிளஃப் அவரை இடது விங்குக்கு மாற்றி, ஆட்டத்தையே அவர் வழியாகக் கட்டியெழுப்பினார். தேவைப்பட்டபோது செலவிடவும் கிளஃப் தயங்கவில்லை: 1979இல் ட்ரெவர் ஃபிரான்சிஸை வாங்கியபோது, பிரிட்டனில் முதல்முறையாக ஓர் ஆட்டக்காரரின் விலை 10 லட்சம் பவுண்டைத் தொட்டது. அவ்வாண்டு மியூனிக்கில் மால்மோவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில், முதல் பாதி முடியும் தறுவாயில் ராபர்ட்சன் இடப்புறமிருந்து தூக்கியனுப்பிய பந்தை, தூரக் கம்பத்தருகே பாய்ந்த ஃபிரான்சிஸ் தலையால் வலைக்குள் செலுத்தினார். மறு ஆண்டு மாட்ரிட்டில் ஹாம்பர்க்கை வீழ்த்திய ஒரே கோல் ராபர்ட்சனுடையது. நான்கு லீக் கோப்பைகளையும் (1978, 1979, 1989, 1990) ஃபாரஸ்ட் வென்றது.

இறுதிக் காலம்

1982இல் ஃபாரஸ்டை விட்டு விலகிய டெய்லர், பின்னர் டார்பியின் மேலாளராகி 1983இல் ராபர்ட்சனை அங்கே அழைத்துக்கொண்டார். அத்துடன் நட்பு முறிந்தது. 1990இல் டெய்லர் இறக்கும்வரை இருவரும் சமாதானமாகவில்லை. அதற்காகக் கிளஃப் பின்னாளில் வருந்தினார். குடிப்பழக்கம் அவர் உடல்நலத்தைக் குலைத்தது. 1993இல் ஃபாரஸ்ட் பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்க, 18 ஆண்டுப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றார். 2003இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார்; மறு ஆண்டு டார்பியில் காலமானார்.

மதிப்பீடு

பந்தைத் தரையோடு கடத்தி ஆடுவதும் நடுவரிடம் வாதாடாமல் இருப்பதும் அவர் அணிகளின் மாறாத விதிகள். இரு வேறு கிளப்களுக்கு இங்கிலாந்து லீக் பட்டம் வென்று தந்த மேலாளர்கள் மிகச் சிலரே. கிளஃப் அவர்களில் ஒருவர். அவரது உழைப்பால், உள்நாட்டு லீக்கை ஒருமுறையும் ஐரோப்பியக் கோப்பையை இருமுறையும் வென்ற ஒரே கிளப் என்ற பெருமை ஃபாரஸ்டுக்கு உண்டு. நாட்டிங்காமையும் டார்பியையும் இணைக்கும் ஏ52 சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. டார்பி மைதானத்துக்கு வெளியே 2010இல் நிறுவப்பட்ட சிலையில் அவரும் டெய்லரும் சேர்ந்தே நிற்கிறார்கள்.