ஆடின கால்: பாப் ஃபாஸியின் சரித்திரம்

ஆடிப் பிழைப்பவனைக் 'கூத்தாடி' என்று இகழ்வது நம்மவர் வழக்கம். காலால் உழைப்பவனுக்குத் தலைமை தாங்கும் மூளை ஏது என்பது அவ்விகழ்ச்சியின் உட்கருத்து. இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதற்கு அமெரிக்கராகிய பாப் ஃபாஸியின் வாழ்க்கை ஒரு சான்று.

1927ம் ஆண்டு சிகாகோ நகரில் பிறந்த ஃபாஸி, பள்ளிப் பிராயத்திலேயே இரவு விடுதிகளில் ஆடிப் பொருளீட்டினார். பிரெட் ஆஸ்டேரைப் போன்று திரைநட்சத்திரமாக விளங்குவதே அவரது அவா. எம்.ஜி.எம். கம்பெனியில் வேலை கிடைத்தும் கதாநாயக ஸ்தானம் கிட்டவில்லை. ஆயினும், 1953ல் வெளிவந்த 'கிஸ் மி கேட்' படத்தில் ஒரு நிமிஷத்திற்கும் குறைவானதோர் ஆட்டத்தைத் தாமே அமைக்க இடம்பெற்றார். அச்சிறு ஆட்டமே அவருக்கு நியூயார்க் நாடகமேடையின் கதவைத் திறந்தது.

அங்கு 1954ல் 'தி பஜாமா கேம்' நாடகத்திற்கு நடனம் வகுத்தார். மணிக்கு ஏழரை சென்டு கூலி உயர்வு கேட்டுப் போராடும் ஆலைத் தொழிலாளரின் கதை அது. சங்கக் கூட்டத்தில் கறுப்பு உடையும் தொப்பியுமாக மூவர் ஆடும் ஆட்டம் பெரும்புகழ் பெற்றது. ஃபாஸிக்குத் தலை வழுக்கை, தோள் கூனல், பாதங்கள் உட்புறம் திரும்பியவை. வழுக்கைக்குத் தொப்பியணிந்தார். கூனலையும் கோணற்பாதத்தையும் ஆட்ட முறையாகவே ஆக்கிக்கொண்டார். பிறர் குறையென்றவை அவர் முத்திரையாயின.

1969ல் டைரக்ட் செய்த முதற்படம் 'ஸ்வீட் சாரிட்டி' நஷ்டமடைந்தது. 1972ல் 'காபரே' வந்தது. 1931ம் ஆண்டின் பெர்லின் நகர விடுதியே அதன் களம். பாட்டுகளைப் பெரும்பாலும் விடுதி மேடையளவில் நிறுத்தினார். மேடையில் ஒருவரையொருவர் அறைந்து ஆடும் வேடிக்கையையும், வெளியே நாஜிகள் ஒருவனை அடித்து நொறுக்கும் கொடுமையையும் மாற்றி மாற்றிக் காட்டினார். நாடு அழிகையில் சிரித்துக் கொண்டிருந்த கூட்டத்தை அதைவிடத் தெளிவாய்க் காட்டல் அரிது. அப்படம் 8 ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. 1973ம் ஆண்டு ஒன்றிலேயே ஆஸ்கார், டோனி, எம்மி மூன்றும் டைரக்டர் ஃபாஸியைச் சேர்ந்தன.

புகையும் மாத்திரையும் ஓயாத வேலையும் அவர் இருதயத்தைக் கெடுத்தன. தமது அழிவையே 1979ல் 'ஆல் தட் ஜாஸ்' என்று படமாக்கினார். 1987ல், 60ம் வயதில், வாஷிங்டனில் காலமானார்.

உடலை வருத்தித் தொழில் கற்றவன் அத்தொழிலின் நுட்பத்தை அடியோடு அறிவான். அதனை நடத்தும் பொறுப்பை அவனிடம் ஒப்புவிக்க ஏன் தயங்க வேண்டும்?