டேக் நம்பர் இல்லாத வால்வு: ஐசோமெட்ரிக் படத்தின் கதை

பைப்பிங் ஐசோமெட்ரிக் படத்தின் ஓரத்தில் 'நாட் டு ஸ்கேல்' என்று ஒரு வரி இருக்கும். பத்து மீட்டர் குழாயும் அரை மீட்டர் குழாயும் தாளில் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நிற்கலாம். திசையை மட்டும் படத்தில் பார்க்கணும், நீளத்தை எண்ணில்தான் படிக்கணும். ரயில் தடப் படம் மாதிரின்னு வச்சுக்கோங்க. சானடோரியத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்னு அந்தப் படம் சொல்லாது, எது அடுத்த ஸ்டேஷன்னு சொல்லும். (லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் இப்படி ஒரு படம் வரைந்தது 1931-ல். பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே வருஷம்தான்.)

இந்த ஐசோவை இப்போ கையால் வரைவது அபூர்வம். ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் மென்பொருளில் மாடல் இருந்தால், ஒரு பட்டனைத் தட்டினால் படம் வந்துவிடும். வந்த படத்தில்தான் சிக்கல்: நிமிர்ந்து போக வேண்டிய குழாய் படுத்துக் கிடக்கும், ஒரே லைன் இரண்டு துண்டாக வரும், எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கிண்டியிலிருந்து ஓ.எம்.ஆர். வரைக்கும் இருக்கிற வடிவமைப்பு அலுவலகங்களில் வேலை பார்க்கிற நண்பர்களிடம் இந்தப் புலம்பலை நிறையக் கேட்டிருக்கேன். எல்லாரும் படம் வரையும் நிரலைத்தான் திட்டுவாங்க. இதன் பழைய கதையைத் தேடிப் படித்த பிறகு, திட்டு வேறு இடத்துக்குப் போகணும்னு எனக்குத் தோணுது.

ஐசோமெட்ரிக் முறையை முறைப்படி விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ். அவருடைய கட்டுரை 1822-ல் அச்சானது. அவருக்கு இருந்த தேவை வேடிக்கையானது. வகுப்பில் காட்டுவதற்காக, பொதுவான உதிரிப் பாகங்களை வைத்தே விதவிதமான இயந்திர மாதிரிகளைக் கட்டுவார், பிறகு பிரித்துவிடுவார். அடுத்த மாதிரியை உதவியாளர் தானே கோர்க்கணும், பக்கத்தில் நின்று சொல்ல நேரமில்லை. அதற்காகத்தான் இந்தப் படம். ஆக பிறக்கும்போதே இது கோர்ப்பவனுக்கு எழுதிய கடிதம். மூன்று திசையிலும் ஒரே அளவுகோல், ஸ்கேல் வைத்து நேராக அளக்கலாம் என்பது ஃபாரிஷ் முறையின் பெருமை. பைப்பிங்காரர்கள் திசையை வைத்துக்கொண்டு அந்த அளவுகோலைத் தூக்கிப்போட்டார்கள்.

தூக்கிப்போட்டதை ஈடுகட்டியவர் டிராஃப்ட்ஸ்மேன். சேலையூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், டிரேசிங் ஷீட்டும் பேனாவுமாக முப்பது வருஷம் ஓட்டியவர், சொன்னார்: "தம்பி, சைட்ல எங்க நெருக்கமோ, அங்க பேப்பர்ல இழுத்து விடுவோம். வெல்டர் கண்ணுக்குத் தெரியணும்ல."

ஸ்ட்ரெஸ் கணக்கு இன்னொரு வழியாக வளர்ந்தது. பத்து மீட்டர் எஃகுக் குழாயை நூறு டிகிரி சூடாக்கினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்சி பம்பையோ வெசலையோ எவ்வளவு தள்ளும் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் அழுத்தக் குழாய்களுக்கான விதிமுறை 1935-ல் வந்தது. 1956-ல் கெல்லாக் நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் இரண்டாம் பதிப்பு கண்டது. இந்தக் கணக்குக்குக் குழாய் என்பது ஓர் உத்திரம், அவ்வளவுதான்: இரண்டு முனை, நடுவில் ஒரு விறைப்பு.

கணக்கும் படமும் இல்லாமல் போனால் என்ன ஆகும்னு 1974-ல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் பார்த்தார்கள். வரிசையாக நின்ற ரியாக்டர்களில் ஐந்தாவதில் விரிசல். அதை எடுத்துவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குல மாற்றுக் குழாயால் இணைத்தார்கள். இரண்டு வாய்களும் ஒரே உயரத்தில் இல்லாததால் குழாயில் ஒரு கோணல், இரண்டு முனையிலும் பெல்லோஸ். அந்தக் கோணலில் உள்அழுத்தம் உண்டாக்கும் திருப்புவிசையை யாரும் கணக்கிடவில்லை. இருந்த ஒரே படம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் போட்ட கோடு. இரண்டு மாதம் ஓடியது. ஜூன் 1-ம் தேதி வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள். மாற்றுக் குழாய் உடைந்ததே காரணம் என்றது விசாரணை மன்றம்.

அதே 1970-களில், ஃபாரிஷின் ஊரான கேம்பிரிட்ஜிலேயே, 1967-ல் தொடங்கிய அரசு நிறுவனமான கேட் சென்டர் 'பி.டி.எம்.எஸ்.' என்ற முப்பரிமாண ஆலை மென்பொருளை உருவாக்கியது. அதிலிருந்து ஐசோவை நேராக எடுக்க முடிந்தது. ஹூஸ்டனில் 1984-ல் 'சீசர் டூ' என்ற ஸ்ட்ரெஸ் மென்பொருள் வந்தது. தாம்பரத்தில் மெப்ஸ் வளாகம் வந்த வருஷமும் அதுதான். முதல் மென்பொருளுக்குக் குழாய் ஒரு பொருள், இரண்டாவதற்கு உத்திரம். ஸ்ட்ரெஸ் மாடலிலிருந்து ஐசோ எடுக்கும்போது உத்திரத்தைப் பொருளாக மொழிபெயர்க்கணும். டிராஃப்ட்ஸ்மேன் போன பிறகு அந்த நாற்காலி காலி.

சிக்கல்கள் பெரும்பாலும் அந்த நாற்காலியைச் சுற்றித்தான். 'ஐசோஜென்' போன்ற நிரல் ஒவ்வொரு பாகத்துக்கும் வகை, இரு முனைகளின் ஆயத்தொலைவு, குழாய் விட்டம் என்று ஒரு எழுத்துக் கோப்பாக வாங்கிக்கொள்ளும். முனைகள் பொருந்தும் இடத்தில் இணைப்பு இருப்பதாக எடுத்துக்கொள்ளும். மாடலில் இரண்டு முனை சில மில்லிமீட்டர் விலகி நின்றால் லைன் உடைகிறது. ஸ்ட்ரெஸ் மாடலில் ஒய் அச்சு மேல்நோக்கி, ஆலை மாடலில் இசட் மேல்நோக்கி என்றால் குழாய் படுத்துவிடுகிறது, வட திசை அம்பும் பொய் சொல்கிறது. சப்போர்ட் வைக்க நடுவே சேர்த்த நோடு ஒவ்வொன்றும் ஒரு அளவுக்கோடு கேட்கிறது, எண்கள் மோதிக்கொள்கின்றன. படத்தில் எண்களை நகர்த்திச் சரிசெய்வது வீண், அடுத்த முறை எடுத்தால் பழையபடி வரும். மாடலுக்குத்தான் போகணும்.

இதில் மோசமானது படத்தில் அழகாக வருகிற தப்பு. நண்பர் கொடுத்த ஐசோ ஒன்றைச் சேலையூர்ப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இந்த வால்வுக்கு டேக் நம்பர் இல்லையே தம்பி?" என்றார். அது வால்வே இல்லை. வெசலின் மையத்திலிருந்து நாசில் வரைக்கும் கணக்குக்காக நீட்டிய எடையில்லாத ரிஜிட். நிரலுக்கு ரிஜிட் என்றால் வால்வு. நண்பர் அந்த உறுப்பைப் படத்திலிருந்து விலக்கி மறுபடி எடுத்தார். பொருள் பட்டியலில் ஒரு வால்வும் இரண்டு ஃபிளாஞ்ச் இணைப்பும் குறைந்தன.