மரக்காணம் உப்பளத் தொழிலாளர் உரிமைக் கோரிக்கைகள்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் உப்பு வாரிப் பிழைக்கும் கூலித் தொழிலாளர்கள், நியாயமான கூலி, குடிநீர், நிழல், கழிப்பறை, மருத்துவ வசதி, மழைக்கால நிவாரணம் ஆகியவை கேட்டு அரசியல்வாதிகளிடமும் அரசுத் துறைகளிடமும் குத்தகைதாரர்களிடமும் முன்வைக்கும் கோரிக்கைகள். தமிழ்நாட்டின் மற்ற உப்பளப் பகுதிகளான தூத்துக்குடி, வேதாரண்யம், வாலிநோக்கம் ஆகியவற்றிலும் கோரிக்கைகள் பெரும்பாலும் இவையே.

இவற்றை நலத்திட்டக் கோரிக்கைகள் என்று மட்டும் பார்ப்பது வழக்கம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் கூலி குறைத்துத் தரப்பட்டது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் ஒரு தீர்ப்பு வழங்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது அத்தீர்ப்பு. அந்த வழக்கு தொடங்கியது நீதிபதி பகவதிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்திலிருந்து. ஆகவே உப்பளத்தில் கூலி குறைவது அடிப்படை உரிமைப் பிரச்சினை. குத்தகைதாரரின் தாராள மனத்தைப் பொறுத்த விஷயம் அல்ல.

இடம்

மரக்காணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, புதுச்சேரிக்கு அருகில் அமைந்த பேரூர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஊரை ஒட்டிக் கழுவேலி ஏரியும், அது கடலோடு கலக்கும் எடையன்திட்டுக் கழிமுகமும் உள்ளன. கழிமுகத்தின் உவர்நீரும் தட்டையான களிமண் தரையும் சேர்ந்ததால் இங்கே உப்புத் தொழில் நிலைத்தது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த இந்த உப்பளங்களின் நிலம் ஒன்றிய, மாநில அரசுகளுக்குச் சொந்தம். குத்தகைக்கு விடப்பட்டு உப்பு விளைவிக்கப்படுகிறது. கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் படிக்கும்போது, நிலம் அரசுகளுடையது என்ற இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. லாரிப் போக்குவரத்து வருமுன் உப்பும் விறகும் இந்தக் கால்வாயில் படகேறிச் சென்னை போயின. கால்வாயின் சென்னை நகரப் பகுதி 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் ஒரு கூலிச் சண்டை நடந்தது. நிவாரண முகாம்களில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் அளவைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதில் உயிர் தாங்காது என்று உடற்கூறு ஆதாரங்களுடன் எதிர்த்தார். சில மாதங்களில் சென்னை அரசு அளவை ஓரளவு உயர்த்தியது, பருப்பும் சேர்த்தது. அரசைக் கூலி விஷயத்தில் அசைக்க, கணக்கும் மருத்துவச் சான்றும் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கரையோரத்தில் கிடைக்கும் பழைய உதாரணம் இது.

வேலையும் உடம்பும்

தை மாதத்தில் பாத்தி கட்டும் வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் கரைந்த வரப்புகளுக்கு மண் அணைத்து, தளத்தைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். கழிமுக நீரையோ ஆழ்குழாயின் உவர்நீரையோ தெப்பம் என்னும் குளத்தில் தேக்கி, பாத்தி மாற்றிப் பாத்தியாக வெயிலில் சுண்டவிடுவார்கள். நீரின் அடர்த்தியை போமே மானி என்னும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரியில் பார்ப்பது வழக்கம். கடல்நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். 24, 25 டிகிரிக்கு வந்ததும் உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கினால் மிஞ்சிய நீரை வெட்டி வெளியேற்றியாக வேண்டும். தாமதித்தால் மெக்னீசியம் ஏறி உப்பு கசக்கும். விளைந்ததை ஆண்கள் வாருபலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள். நீர் வடிந்த பிறகு பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து சாலையோர அம்பாரத்துக்குக் கொண்டுபோவார்கள். கோடை உச்சியில் இந்த வேலையெல்லாம் விடியுமுன்பே தொடங்கிவிடும்.

சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு, காலில் கிடைத்தால் பழைய காலுறை: உப்பளத்தில் பெண்களின் தற்காப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். அடர்ந்த உப்புநீர் பாதத்தின் தோலை வெடிக்கச் செய்யும். வெடிப்பில் மறுபடி உப்புநீர் இறங்கும். வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். மரம் நிற்காத வெளியாகையால் ஒதுங்க நிழல் இல்லை. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இதன் விளைவு சிறுநீரகத்தில் தெரிகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்புக்கு மேற்பட்ட சூட்டில் வேலை செய்ததும், சுமார் 7 சதவீதத்தினரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்ததும் தெரியவந்தது. கழிப்பறை கேட்பது வசதி கேட்பது என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

தூத்துக்குடி உப்பளக் குடும்பங்களின் வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதியது 1979இல். அதன் பிறகு கைபேசி உப்பளம் வரை வந்துவிட்டது, கூரை வரவில்லை.

பெயர் இல்லாத சரக்கு

நிறுவனங்களை வற்புறுத்துவது என்பது இன்று உலகெங்கும் ஒரு வழிமுறையாகிவிட்டது. தமிழ்நாட்டிலேயே அதற்கு நல்ல சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இளம்பெண் தொழிலாளி 2021 தொடக்கத்தில் கொல்லப்பட்டார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற சங்கம், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் துணையுடன் அந்த ஆலையை மட்டுமல்லாமல் ஆடை வாங்கும் நிறுவனங்களையும் கேள்வி கேட்டது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்கும் நிறுவனங்களுடனும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. சட்டையின் கழுத்தில் ஒரு பெயர் தைத்திருந்ததால் கேள்வி கேட்க ஒரு முகவரி கிடைத்தது.

உப்புக்கு அந்த முகவரி இல்லை. அம்பாரத்திலிருந்து லாரியேறும் உப்பு வியாபாரியிடம் போய், அங்கிருந்து அயோடின் கலக்கும் ஆலைக்கோ, தோல் பதனிடும் கூடத்துக்கோ, கருவாட்டுக் களத்துக்கோ, சாயப்பட்டறைக்கோ பிரிகிறது. பல உப்பளங்களின் சரக்கு ஒன்றாகக் கலந்த பிறகே பொட்டலத்தின்மேல் பெயர் ஏறுகிறது. அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 2006இல் மறுபடி வந்தபின், சிறு உற்பத்தியாளர் தன் பெயரில் சமையலறைவரை வருவது இன்னும் கடினமாயிற்று. தைராய்டு நோய்களைத் தடுக்க வந்த அந்த விதியின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் உப்பை விளைவித்தவர் பார்வையிலிருந்து மறைய அதுவும் ஒரு காரணம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பொறுப்பு அறிக்கை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி. மனித உரிமை அதில் ஒரு தலைப்பு. வணிகமும் மனித உரிமையும் பற்றி ஐக்கிய நாடுகள் 2011இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளும், அவற்றைத் தழுவி இந்திய நிறுவன விவகார அமைச்சகம் 2019இல் வெளியிட்ட நெறிகளும் இதற்கு அடிப்படை. பொட்டல உப்பு விற்கும் பெரிய நிறுவனம் தன் உப்பு எந்த உப்பளத்திலிருந்து வருகிறது, அங்கே என்ன கூலி என்று சொல்லவேண்டும் எனக் கேட்க இது இடம் தருகிறது. ஆனால் மரக்காணத்தின் சிறு குத்தகைதாரரை இந்த அறிக்கை எட்டிப்பார்க்காது. நிறுவனங்களை மட்டும் நம்பும் இயக்கம் இங்கே பாதி வழியில் நின்றுவிடும்.

நிலத்தின் சொந்தக்காரர்

அதனால்தான் மரக்காணத்தில் அழுத்தம் முதலில் விழவேண்டிய இடம் அரசு. நிலம் அரசுடையது. குத்தகைப் பத்திரத்தில் குடிநீர்த் தொட்டி, நிழற்கூரை, கழிப்பறை, கூலிப் பதிவேடு, கையுறை, காலணி ஆகியவற்றை நிபந்தனையாகச் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நிலத்தை விடுகிறவர் எழுதினால் போதும். கட்டத் தவறுகிறவருக்குக் குத்தகையைப் புதுப்பிக்க மறுக்கலாம்.

நடைமுறையில் கோரிக்கை மனு இரண்டு அரசுகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. உப்பு அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58ஆம் இனம். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. ஒன்றிய அரசின் உப்பு ஆணையர் அலுவலகத்துக்குத் தலைமையிடம் ஜெய்ப்பூர். கூலிச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது மாநிலத் தொழிலாளர் துறை. இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். நாடெங்கும் ஏறத்தாழ 60,000 ஏக்கர் உப்பு நிலம் ஒன்றிய அரசின் கையில் உள்ளது. வேண்டுமென்றால் அதை வேகமாகக் கைமாற்றவும் அரசுகளுக்குத் தெரியும்: மும்பையில் தாராவி மறுசீரமைப்புக்காகச் சுமார் 256 ஏக்கர் உப்பு நிலத்தைப் பெற மகாராஷ்டிர அமைச்சரவை 2024இல் ஒப்புதல் தந்தது. நிலத்துக்கு இருக்கும் அவசரம் அதில் உழைக்கிறவருக்கு இருப்பதில்லை.

அழுத்தம் பலித்த இடமும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை உப்பளத்தில் வேலை இராது. கடன்தான் சோறு போடும். மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் இருப்பதுபோல் தங்களுக்கும் வேண்டும் என்று தொழிலாளர்களும் சங்கங்களும் பல ஆண்டுகள் கேட்டதன் பிறகு, தமிழ்நாடு அரசு உப்பளக் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022இல் தொடங்கியது. 1974இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் ‘நெய்தல்’ என்ற பெயரில் பொட்டல உப்பையும் அதே ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் போதாது. அதுவும் பதிவு இல்லாத கூலியாளருக்குக் கிடைப்பது எளிதல்ல. குத்தகைதாரர் பெயர்ப்பட்டியல் வைக்காத இடத்தில், தான் உப்பளத் தொழிலாளி என்று நிரூபிப்பதே ஒரு வேலை. 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது, கணக்கில் வராத தொழிலின் கஷ்டம் மீண்டும் தெரிந்தது.

கழுவேலி ஏரியில் 5,151 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் குஜராத்தின் சிறிய ரண் பகுதி 1973இல் காட்டுக்கழுதைச் சரணாலயமானபின், தலைமுறைகளாக அங்கே உப்பு விளைவித்த அகரியா மக்கள் தங்கள் உரிமையை நிரூபிக்க அரை நூற்றாண்டு அலைந்திருக்கிறார்கள். எல்லை குறிக்கும் வேலையில் ஏரியோர மக்களையும் உட்காரவைத்துப் பேசினால் அந்த அலைச்சலை இங்கே தவிர்க்கலாம்.

கோரிக்கை செல்லும் வழிகள்

மரக்காணம் திண்டிவனம் தனித்தொகுதியிலும் விழுப்புரம் மக்களவைத் தனித்தொகுதியிலும் அடங்கும். சட்டமன்ற உறுப்பினர் பேரவையிலும், மக்களவை உறுப்பினர் நாடாளுமன்றத்திலும் குத்தகை நிபந்தனை பற்றிக் கேள்வி எழுப்பினால் துறை பதில் சொல்லியாக வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற மனுவைவிட இத்தகைய கேள்விக்கு வலு அதிகம். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது. கேட்டது ஒரு நாற்காலி என்ற அளவில் தெளிவாக இருந்தது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் நடத்தும் குறைதீர் கூட்டத்தில் தரும் மனுவுக்கு ஒப்புகை எண் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குத்தகைப் பத்திரத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். முன்பணம் கொடுத்து ஆளை வெளியே போகவிடாமல் வைத்திருந்தால் அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும்.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும், 1997இல் அமைந்த மாநில ஆணையத்துக்கும் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம்; தமிழிலேயே எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். கூலி பாக்கி கேட்க 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆறு மாதமே கெடு தந்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு அதை மூன்று ஆண்டாக நீட்டியிருக்கிறது.