கோவளம் மூர்த்தியும் ஏரிக்கரைப் பையனும்



போன ஞாயிறு பேரனைக் கூட்டிக்கொண்டு கொரட்டூரிலிருந்து கோவளம் போயிருந்தேன். பலகைமேல் நின்றபடி அலையில் வழுக்கி வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "பாட்டி, இவங்களுக்கு யார் கத்துக்கொடுத்தது?" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

மூர்த்தி மேகவன் கோவளத்து மீனவர் குடும்பத்துப் பிள்ளை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர். சிறுவயதில் மரப்பலகைதான் அவருக்கு விளையாட்டுச் சாமான். 2000-க்குப் பிறகு, ஊருக்கு வந்த ஒரு வெளிநாட்டவரிடம் சர்ஃபிங் பலகையை இரவல் வாங்கி ஏறிப் பார்த்தார், விரைவிலேயே வசப்பட்டுவிட்டது. வியப்பில்லை. அலை எங்கே எழும், எங்கே உடையும் என்று கணித்துத்தானே நம் மீனவர்கள் கட்டுமரத்தைக் கரை சேர்க்கிறார்கள்! ஹவாய்த் தீவில் வளர்ந்த விளையாட்டுக்கு வேண்டிய பாடம் கோவளத்திலும் இருந்திருக்கிறது.

2012-இல் தொழிலதிபர் அருண் வாசுவுடன் சேர்ந்து கோவ்லாங் பாயின்ட் சர்ஃப் பள்ளியைத் தொடங்கினார். மீனவப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். குடி, புகை கூடாது என்பது அங்கே கண்டிப்பு. படிப்பை விட்டவர், பிள்ளைகளிடம் படிப்பை விடாதே என்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்ஃபிங் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது.

இதைப் பேரனுக்குச் சொல்லும்போதே எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. முப்பது வருடத்துக்கு முன், என் ஐந்தாம் வகுப்புப் பையன். கொரட்டூர் ஏரியில் நீந்திவிட்டு, தலை ஈரத்தோடு தாமதமாக வருவான். ஒருநாள் வகுப்பே கேட்கும்படி, "நீ ஏரியில குதிக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டேன். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. நானும் வீடு தேடிப் போகவில்லை.

"இவ்வளவு நல்லா நீந்துறியே, யாருடா கத்துக்கொடுத்தது?" என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். பேரனுக்குத் தோன்றிய கேள்வி, பயிற்சி பெற்ற ஆசிரியைக்குத் தோன்றவில்லை.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். தாமதமாக வரும் பிள்ளையிடம், எங்கிருந்து வருகிறாய் என்று அன்பாகக் கேளுங்கள். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அவன் இருக்குமிடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், கொரட்டூர்