கங்குச் சட்டி

போன ஜனவரியில் ஒரு நாள், விடியக்காலை மூன்றரை மணி. உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் அடிக்க எழுந்தேன். உறைபனிக் காலத்தில் எங்க கேத்திப் பள்ளத்தாக்கில் இது வழக்கம். சூரியன் வருவதற்குள் ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு, இலைமேல் உட்கார்ந்திருக்கிற பனியைக் கரைத்துவிட வேண்டும். விட்டால், வெயில் ஏறும்போது செடி வெந்நீர் ஊற்றின மாதிரி கருகிப்போகும்.

அம்மாவின் அறையைத் தாண்டும்போது முனகல் கேட்டது. கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. கீழே இடுக்கில் சாக்கைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார். பலமாகத் தள்ளி உள்ளே போனேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. கட்டில் பக்கத்தில், கலவை அள்ளுகிற பழைய இரும்புச் சட்டியில் கரிக்கங்கு. புகை இல்லை, வாடை இல்லை. அம்மா வாந்தி எடுத்துவிட்டு, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். அப்படியே அள்ளித் திண்ணைக்குக் கொண்டுவந்து, கம்பளியைச் சுற்றி, ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர் பெயர்கூடக் கேட்கவில்லை. "கரி அடுப்பா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயந்திரம் அம்மா டீ கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

"ஹீட்டர்தான் வாங்கித் தந்திருக்கேனே, ஏம்மா போடல?"

"மீட்டர் சுத்துது கண்ணு."

அம்மா சொன்னதும் பொய்யில்லைங்க. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். ராத்திரி ஆறு மணி நேரம் என்றால் 12. இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், இந்த ஒரு சாமானுக்கு மட்டும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். போன வருஷம் வந்த பில்லைப் பார்த்துவிட்டு நானே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சென்னை நண்பர்கள் போன் பண்ணினால், "உனக்கென்னப்பா, வருஷம் பூரா ஏசி" என்பார்கள். உங்களுக்கு ஏசி செலவு, எங்களுக்கு ஏசியை அணைக்கிற செலவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைக் குடைந்தது வேறொன்று. அதே சட்டி எங்கள் பழைய ஓட்டு வீட்டில் பல வருஷம் இருந்தது. அப்பாரு, அப்பத்தா, அப்பா, நாங்கள் எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தவர்கள்தான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்தப் புது வீட்டில் மட்டும் ஏன் ஆளைக் கொல்லப் பார்த்தது? அதை யோசிக்கப் போய்த்தான் இந்த மலையில் மனுஷன் குளிருக்கு என்னென்ன செய்தான் என்ற பழைய கதைக்குள் போனேன்.

முதலில் தோடர்கள். மந்துகளில் அவர்களுடைய பழைய வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், குறைந்தது போட்டோவிலாவது. பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி மூங்கில், பிரம்பு, புல்லால் ஆன கூரை. வாசல் மூன்றடி உயரம் இருந்தால் அதிகம். தவழ்ந்துதான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு பக்கம் படுக்க மண் திண்ணை, இன்னொரு பக்கம் அடுப்பு. டூரிஸ்டுகள் இதைப் பார்த்து, "ஐயோ பாவம், எப்படி இருந்தாங்க?" என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கணக்குத் தெரிந்த ஒருத்தன் கட்டினதாகத் தெரிகிறது. சூடாக்க வேண்டிய காற்று கொஞ்சம். வாசல் சின்னது, சூடு வெளியே ஓடாது. வெள்ளாமை இல்லாத, எருமை மேய்க்கிற ஜனம். சோலையை வெட்டித் தீர்க்காமல், பொறுக்கின சுள்ளியிலேயே ராத்திரியைக் கழிக்க இந்த வீடு போதும். மேலே போர்த்த கனத்த பூத்துக்குளி வேறு. புகை கூரைப் புல் வழியாகக் கசிந்து போகும்.

படகர் ஹட்டிகளில் வேறு வழி. வீடுகள் வரிசையாக, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டு நிற்கும். நடுவில் இருக்கிற வீட்டுக்கு இரண்டு பக்கச் சுவரிலும் குளிர் படாது. நீங்கள் போர்வைக்குள் நடுவில் படுக்கச் சண்டை போட்டிருந்தால் இது சுலபமாகப் புரியும். எங்கள் ஊரில் இன்னும் அப்படிப்பட்ட ஒரு வரிசை இருக்கிறது. மார்கழியில் அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்துவர மனசு வராது.

1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். 1822-இல் ஊட்டியில் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். இன்றைக்கு அரசுக் கலைக் கல்லூரி இருக்கிற இடம்தான் அது. அவருக்குப் பின்னாலேயே அதிகாரிகள், பாதிரியார்கள், உடம்பு சரியில்லாத சிப்பாய்கள் எல்லாரும் வந்தார்கள். குளிர் அவர்களுக்குப் பிடித்தது, சொந்த ஊர் மாதிரி. வீட்டையும் சொந்த ஊர் மாதிரியே கட்டிக்கொண்டார்கள். உயரமான கூரை, பெரிய பெரிய அறை, சுவரில் கணப்பு, மேலே புகைக்கூண்டு. திறந்த கணப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. எரிகிற சூட்டில் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து கூண்டு வழியாக வானத்துக்குப் போய்விடும். போகிற காற்றுக்குப் பதிலாகக் கதவிடுக்கு வழியாகப் புதுக்குளிர் உள்ளே வரும். முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். ஒரு பங்களாவுக்கு ராத்திரி எத்தனை கட்டை வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது? சோலையிலிருந்து. பள்ளத்தில் ஓடைக்கரை ஓரமாகக் குட்டையாக, அடர்த்தியாக நிற்கிறதே, அதுதான் சோலை. சுற்றிலும் மேடெல்லாம் புல்வெளி. சோலை மரம் வளர ஆயுசு ஆகும். வெட்ட அரை நாள். சில பத்து வருஷத்திலேயே ஊட்டியைச் சுற்றி விறகு தட்டுப்பாடு வந்துவிட்டது. 1850-களில் வெலிங்டனில் பட்டாளத்துக்குப் பாளையம் கட்டினார்கள். அத்தனை சிப்பாய்க்கும் சமையல், வெந்நீர், குளிர்காய்தல் எல்லாமே விறகில்.

இதற்கு வழியாகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து மரம் வந்தது. நீலகிரிக்கு முதலில் கற்பூர மரத்தைக் கொண்டுவந்தவர் கேப்டன் காட்டன் என்ற ராணுவ எஞ்சினியர், 1843-இல் என்று சொல்கிறார்கள். நீங்கள் யூகலிப்டஸ் என்பதை நாங்கள் கற்பூர மரம் என்போம், வாட்டிலைச் சீகை மரம் என்போம். 1860-களில் ஊட்டிப் பக்கம் ஆரம்பி என்ற இடத்தில் அரசாங்கமே விறகுக்கென்று கற்பூரத் தோட்டம் போட்டது. வெலிங்டன், குன்னூர் பக்கமும் போட்டார்கள். பத்து வருஷத்தில் வெட்டலாம், வெட்டின அடியிலிருந்தே கரும்பு மாதிரி மறுதாம்பு கிளம்பும். விறகு வேண்டியவனுக்கு இதைவிட வரம் ஏது?

ஊட்டிக்கு வந்தால் நீங்கள் போட்டோ எடுக்கிற அந்த நெடுநெடு மரங்கள், அந்தத் தைல வாசனை, "ஆஹா, நீலகிரியின் இயற்கை" என்கிறீர்களே, அது ஒரு விறகுக் கணக்குங்க. வெள்ளைக்காரன் வீட்டுக் கணப்புக்காக எழுதின கணக்கு.

சுதந்திரத்துக்கு அப்புறம் கணக்கு இன்னும் பெரிசானது. தோல் பதனிடச் சீகைப் பட்டை, விஸ்கோஸ் நூலுக்குக் கூழ்மரம் என்று சொல்லிப் புல்வெளி மேட்டிலெல்லாம் நட்டார்கள். என் அப்பாரு காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறினது இந்தக் கூப்பு வேலைக்குத்தான். மரம் அறுப்பது, துண்டு போடுவது, லாரி ஏற்றுவது. கூலியோடு, கழிந்த சிம்பு, பட்டை, வேர்க்கட்டை எல்லாம் வீட்டுக்கு. எங்கள் வீட்டில் காசுக்கு விறகு வாங்கினதாக அப்பாவுக்கு ஞாபகமே இல்லை. தைலம் காய்ச்சுகிற கொட்டகைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். தைலம் எடுத்த இலையையே காயவைத்து அடுத்த அடுப்புக்குப் போட்டுவிடுவார்கள்.

அதற்கும் ஒரு பில் வந்தது, வேறு பெயரில். அப்பாரு முதலில் குடிசை போட்ட இடத்துக்குக் கீழே ஓர் ஓடை இருந்ததாம், சித்திரையிலும் தண்ணீர் ஓடுமாம். எனக்குத் தெரிந்து அது மழைக்கு மட்டும் ஓடுகிற பள்ளம். கிளென்மார்கனில் புல்வெளிச் சரிவில் கற்பூரம் நட்டு வருஷக்கணக்கில் அளந்து பார்த்த ஆராய்ச்சியிலும் நீர்வரத்து குறைந்ததென்றுதான் வந்தது. இப்போது சில இடங்களில் அந்நிய மரத்தை வெட்டிப் புல்வெளியை மீட்கிற வேலை நடக்கிறது. அப்பாரு தூக்கிய ரம்பத்தால் குடும்பம் பிழைத்தது. அவர் வெட்ட வெட்டத் தழைத்த மரத்தால் என் கேரட் காட்டுக்குத் தண்ணீர் குறைந்தது. இதில் யாரைக் குறை சொல்ல?

கரண்ட் கதை சுருக்கம். 1930-களிலேயே பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். அது மலையிறங்கிக் கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. எங்களூர் வீடுகளுக்கு வர ரொம்ப காலம் ஆனது. வந்தும், விளக்கெரிக்கத்தான். விறகும் கைக்கு எட்டாமல் போனது. பட்டா நிலத்தில் நிற்கிற மரமானாலும் மலைப்பகுதியில் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. அது நல்லதுக்குத்தான், மறுக்கவில்லை. கேஸ் வந்தது, சமையலுக்குப் புகை ஒழிந்தது. ஆனால் அடுப்படியில் நாள் பூரா இருந்த அந்தக் கதகதப்பும் அதோடு போய்விட்டது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். எட்டு வருஷம் முன்னால், கேரட்டுக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம், ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டேன். கோயம்புத்தூரில் சொந்தக்காரர் கட்டின வீட்டு பிளானை அப்படியே வாங்கி வந்தேன். பெரிய ஹால், பத்தடிக்கு மேல் கூரை, டைல்ஸ் தரை, வடக்கே பள்ளத்தாக்கைப் பார்க்கப் பெரிய கண்ணாடி ஜன்னல். சமவெளியில் வெயிலுக்குப் பயந்து கட்டின வீட்டைக் குளிர் மலையில் கொண்டுவந்து வைத்தேன். சல்லிவன் காலத்துத் துரைகளாவது அவர்கள் ஊர்க் குளிருக்கான வீட்டைக் கட்டினார்கள். நான் அடுத்த ஊர் வெயிலுக்கான வீட்டைக் கட்டினவன். ராத்திரி அந்தச் சுவரைத் தொட்டால் ஈரத்துணி மாதிரி இருக்கும்.

சட்டி ரகசியமும் இதில்தான் இருக்கிறது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பழைய வீட்டில் ஓட்டிடுக்கு, கதவிடுக்கு, பரண் என்று ஆயிரம் ஓட்டை. வாயு நிற்காது. (சூடும் நிற்காது. அப்பத்தா கடைசிவரை இருமிக்கொண்டே இருந்தார், அந்தப் புகைக்கும் ஒரு விலை உண்டு.) கான்கிரீட் வீட்டில் அலுமினிய ஜன்னலை மூடி, இடுக்கில் சாக்கையும் வைத்தால் அது டப்பா. சட்டி மாறவில்லை, சுற்றியிருந்த வீடு மாறிவிட்டது. புகை வந்தால்கூட மனுஷன் இருமி எழுந்துவிடுவான். புகையே வராத நல்ல கங்கை, "புகையில்ல, பரவால்ல" என்று நம்பி உள்ளே எடுத்துப் போகிறார்கள். குளிருக்கு ரூம் எடுத்துத் தங்குகிற உங்களுக்கும் சொல்கிறேன். பார்பிக்யூ அடுப்பானாலும் சரி, கங்கு தணிந்துவிட்டது என்றாலும் சரி, மூடின அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இந்தப் புரட்டாசியில் ஆசாரியைக் கூட்டிவந்து, அடுப்படியை ஒட்டின சாமான் அறையைக் காலி பண்ணினோம். எட்டுக்கு ஒன்பது அடி. ஏழடி உயரத்தில் பலகைக் கூரை, தரைக்கும் பலகை, சுவருக்கும் இடுப்பளவு பலகை. ஜன்னல் ஒன்றே ஒன்று, கிழக்கே பார்த்து. மேலே காற்றுக்கு ஒரு துளை. அதை அடைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். படுப்பதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஹீட்டர், அப்புறம் அணைத்துவிட்டுக் காலடியில் வெந்நீர்ப் பை. விடியும்வரை தாங்குகிறது. பலகைக்கும் கூலிக்கும் ஆன செலவு இரண்டு பனிக்காலத்து கரண்ட் பில் அளவுக்கு வந்தது.

"மாளிகை கட்டிட்டு என்னைய மட்டும் பெட்டிக்குள்ள போட்டுட்டான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்கிறார். ஆனால் போன வாரம் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போய்ப் பார்த்தால், என் ரெண்டு பிள்ளைகளும் அவரவர் பெரிய அறையை விட்டுவிட்டு, தலையணையோடு அந்தப் பலகைத் தரையில் படுத்திருந்தார்கள். சட்டியில் புதினா வைத்திருக்கிறோம். திண்ணையில்தான் இருக்கிறது.