கிட்டி

திருக்கழுக்குன்றத்தில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் கோயிலுக்கு வரி நீக்கி விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் காத்தான். அதையே சோழனும் காக்கிறான் என்பது அதன் சாரம். நரசிம்மவர்மனை நாவல் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல்லவர்களை வென்ற சோழன், பல்லவன் காத்த தர்மத்தைக் கை வைக்காமல் விட்டான் அல்லவா, அது பெரிய காரியந்தான். ஆனால் இறையிலி என்பது கோயிலுக்கு. மற்ற வயல்களை உழுதவனுக்கு வரி இருந்தே தீரும்.

1763-ல் இந்தச் செங்கற்பட்டுச் சீமை ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகக் கும்பினியாரிடம் போயிற்று. பிறகு ராஜதானி முழுவதிலும் அவர்களுக்கே கிஸ்தி.

ஒருவரை நெருக்கிக் காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்க்ரூவை முறுக்குவது' என்பார்கள். கடன்காரனையும் முறுக்கலாம், மந்திரியையும் முறுக்கலாம். சொல்கிறவருக்குக் கட்டைவிரல் நினைவுக்கு வருவதேயில்லை. ஐரோப்பாவில் விரலை இரும்புக்குள் வைத்துத் திருகிய கருவி அது. நம்மிடம் அதன் தம்பிக்குப் பெயர் கிட்டி. கிட்டிப்புள் ஆடும் சிறுவர்களுக்கு அது விளையாட்டுச் சாமான். கிஸ்தி பாக்கி வைத்தவனுக்கோ, ஒரு முனையில் கட்டிய இரண்டு கட்டைகள். நடுவில் விரலை வைத்து எலுமிச்சம்பழம் போலப் பிழிவார்கள். கட்டை அகப்படாவிட்டால் விரல்களைக் கோக்கச் சொல்லிச் சேவகனே நெரிப்பான். அண்ணாந்தாள் என்று இன்னொன்று: கழுத்தையும் கால்விரலையும் அவனுடைய துணியாலேயே பிணைத்து, வெயிலில் குனிந்தபடி நிறுத்திவிடுவது.

கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் சென்னை சுதேசி சங்கத்தாரும் பார்லிமெண்டுக்கு முறையிட்டார்கள். 1854-ல் அங்கே விவாதம் நடந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் விசாரித்து 1855-ல் அறிக்கை கொடுத்தார்கள். சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். குற்றவாளி யார்? சுதேசிச் சேவகர்கள், துரைமார்களிடம் ஜனங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதாம்!

சேவகன் கை நெரித்தது நிஜம். அவனைத் தாசில்தார் நெரித்தார், தாசில்தாரைக் கலெக்டர் நெரித்தார், கலெக்டரை ரெவினியூ போர்டு நெரித்தது. அந்த மேல் படிகளில் கட்டையும் கயிறும் தேவைப்படவில்லை. ஒரு கடிதம் போதும். 1857-ல் அமெரிக்கப் பத்திரிகையில் இந்த அறிக்கையை எடுத்து எழுதிய கார்ல் மார்க்ஸ், துரைமார்களை அவ்வளவு எளிதில் தப்பவிடவில்லை.

விசாரணைக்காரர்கள் ஒன்றைச் சரியாகக் கண்டார்கள். வரி வசூலிக்கிறவனே போலீஸாகவும் இருந்தான். அடிபட்டவன் அடித்தவனிடமே போய் முறையிட வேண்டியிருந்தது. 1859-ல் வந்த சென்னைப் போலீஸ் சட்டம் அந்த இரண்டு வேலைகளையும் பிரித்தது.